மலையில் இருந்தபடியே முன்னேற முடியுமா? ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு அறை இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே பிள்ளைகள் கூடுவார்கள். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவர்கள், வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வரும் தங்கச்சிகள், கேரட் அறுவடைக்குப் போகும் தம்பிகள். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் பாடம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் அவர்கள் கேட்பதெல்லாம் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள். பதினொரு வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை எண்ணிப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் ஆறு வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போட்டேன். நாலாவது முறை எழுதிய தேர்வில் அரசு வேலை கிடைத்தது.

அண்ணா, முன்னேற்றம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பணமா, வேலையா?

இரண்டும் வேண்டும். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்றை. அதைச் சொல்ல அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு வைத்திருப்பார்கள். அதை எடுத்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். எடுக்காவிட்டால் அரைப்பேர். வீட்டில் யாருக்கு எத்தனை பேர், எத்தனை அரைப்பேர் என்று அப்பா ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பார். முழுக் கோடு என்றால் பேர். பாதிக் கோடு என்றால் அரைப்பேர். இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். ராத்திரி படுக்கும் முன்னால் அன்றைய படிப்புக்கு நானே கோடு போட வேண்டும். பாதிக் கோடு போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து, புத்தகத்தைத் தொடாமலே முழுக் கோடு போட்டேன். அன்றைக்குத்தான் அவர் கோபத்தை முதல்முதலாகப் பார்த்தேன். "அரைப்பேர் வாங்குறவன் நாளைக்கு முழுப்பேர் வாங்குவான்டா. பொய்ப்பேர் எழுதுறவன் என்னைக்கும் வாங்க மாட்டான்" என்றார்.

நான் முன்னேற்றம் என்று சொல்வது அதைத்தான். இன்றைக்கு நான் வாங்கியது பேரா, அரைப்பேரா என்று உண்மையாகத் தெரிந்துகொள்வது, போன மாதத்தைவிட இந்த மாதம் பாதிக் கோடுகள் குறைந்திருப்பது. கீழே சொல்லப்போகும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து வந்தவைதான்.

சரி, எங்கே தொடங்குவது?

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். நேரம் எங்கே போகிறது, காசு எங்கே போகிறது, இரண்டை மட்டும் எழுதுங்கள். காலையில் எழுந்தது, பஸ்ஸுக்கு நின்றது, மொபைல் பார்த்தது, டீக்கடை, ரீசார்ஜ், எல்லாம்.

கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி, "படிக்க நேரமே கிடைக்கலண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு வாரம் எழுதச் சொன்னேன். போக வர பஸ்ஸுக்காக நிற்பது மட்டும் ஒரு நாளைக்கு 70 நிமிடம் வந்தது. அவனே அசந்துவிட்டான். அப்புறம் சட்டைப்பையில் மடித்த தாளோடு நிற்க ஆரம்பித்தான். ஒரு தாளில் பத்துக் கணக்கு. வேறு எதையும் நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

எழுதாமல் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டால் நமக்குச் சாதகமாகத்தான் வரும். எடை போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: பையைத் தூக்கிப் பார்த்தே "இருபது கிலோ இருக்கும்" என்பார்கள். தராசில் வைத்தால் பதினாறு இருக்கும். மழை நாளில் ஈரத்துக்கான கழிவு வேறு போகும். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவ்வளவு நேரம் சுமந்த தோளுக்கு அது இருபது கிலோவாகத்தான் தெரியும்.

காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஜெயிக்க முடியும் என்கிறார்களே?

அப்படி ஒன்றும் இல்லை. சென்னையில் இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊரில் விடியும் முன்னால் தனியாக வெளியே நடக்கவே கூடாது. தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் விரல் பேனாவைப் பிடிக்காது.

கேரட் அறுவடைக்குப் போகும் தம்பிகளைப் பாருங்கள். கேத்தி பாலாடா பக்கம் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். அவர்களிடம் போய் 'அதிகாலையில் எழு' என்று யார் சொல்வது? அவர்களில் ஒருவன் மதியம் தூங்கி எழுந்து நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை படித்தான். அது அவனுக்கு ஒத்துவந்த நேரம். உங்கள் தலை தெளிவாக இருக்கும் இரண்டு மணி நேரம் எது என்று இரண்டு வார நோட்டு காட்டிவிடும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டைம்டேபிள் போடுகிறேன். மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. என்னிடம் என்ன குறை?

உங்களிடம் குறை இல்லை, டைம்டேபிளில்தான் குறை. அதிகமாகப் போடுகிறீர்கள்.

நம் மலை ரயிலை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஆனால் தண்டவாளத்துக்கு நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காக இருக்கும் பல்சட்டம் 46 கிலோமீட்டருக்கும் கிடையாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். ஏனென்றால் அங்கேதான் ஏற்றம் கடுமை. பன்னிரண்டடி போனால் ஏறக்குறைய ஓரடி ஏற வேண்டிய இடம். சாதாரணச் சக்கரம் அங்கே சறுக்கும். கல்லாறு வரை சமதளம், பல் தேவையில்லை. குன்னூருக்கு மேலேயும் ஏற்றம்தான், ஆனால் சக்கரமே சமாளித்துக்கொள்கிறது, அங்கேயும் பல் இல்லை. கட்டியவர்கள் எங்கே சறுக்கும் என்று பார்த்து, அங்கே மட்டும் வைத்தார்கள்.

நாம் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரைக்கும் பல் வைக்கிறோம். ஆறு மணிக்கு இது, ஆறே முக்காலுக்கு அது என்று. ஒரு இடத்தில் தவறினால் மொத்தமும் போச்சு என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். நோட்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சறுக்கும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எனக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டுப் போர்வைக்குள் போய்விட்டால் அன்றைய நாள் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அதனால் அந்த ஒரு இடத்தை மட்டும் கட்டிப்போட்டேன்: படித்து முடித்த பிறகுதான் சாப்பாடு. வேறு எந்த டைம்டேபிளும் நான் போட்டதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். குன்னூர் ஸ்டேஷனில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். பல்சட்டம் ஒன்று அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. இரண்டின் பற்களும் நேருக்கு நேர் இருக்காது, முன்பின்னாக இருக்கும். ஒரு பல் விடுகிற நேரத்தில் இன்னொன்று பிடித்திருக்கும். நீங்களும் சறுக்கும் இடத்தில் இரண்டு பிடிமானம் வையுங்கள். மொபைலால் சறுக்குகிறவர் என்றால், படிக்கும் நேரத்தில் மொபைலை அடுக்களை அலமாரியில் வைப்பது ஒன்று. ஒன்பது மணிக்கு நண்பன் வந்து அன்றைக்குப் படித்ததைக் கேட்பது இன்னொன்று. ஒரு நாள் மொபைல் கைக்கு வந்துவிட்டாலும் நண்பன் வருவான். நண்பன் வராத நாளில் மொபைல் அலமாரியில் இருக்கும்.

மூன்று முறை தோற்றுவிட்டேன். இன்னும் எழுதலாமா?

எழுதலாமா வேண்டாமா என்பதை முயற்சியின் எண்ணிக்கை சொல்லாது. எதனால் தோற்றோம் என்று தெரிகிறதா, அதுதான் சொல்லும். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி, 100 கேள்வி, தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். இத்தனை தெளிவாக இருக்கும் தேர்வில், "ஏதோ கொஞ்சத்தில் போச்சு" என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போவது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் பொய்ப்பேர்.

மூன்றாவது முறை தோற்றபோது நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தேன். தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு எழுத்துப் போட்டேன். ப என்றால் படிக்கவே இல்லை. ம என்றால் படித்து மறந்தது. அ என்றால் அவசரம், விடை தெரியும், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. ப தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் அ 22 இருந்தது. 'தவறானது எது' என்று கேட்ட இடத்திலெல்லாம் சரியானதைக் குறித்திருந்தேன். ஒரு வருடமாகப் புதிது புதிதாகப் புத்தகம் வாங்கிக் குவித்தவனுக்கு, குறை புத்தகத்தில் இல்லை, கண்ணில் இருந்தது. அடுத்த ஆறு மாதம் புதிய புத்தகம் எதுவும் தொடவில்லை. பழைய கேள்வித்தாள்களை விரலை வைத்து மெதுவாக வாசிக்கப் பழகினேன். நாலாவது முறை கிடைத்தது.

மூன்று எழுத்துப் போட்டுப் பார்த்த பிறகு, போன முறை இருந்த அதே குறை அதே அளவில் இருந்தால் வழியை மாற்றுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், தாராளமாக இன்னொரு முறை எழுதுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்கட்டுமா?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் வேண்டாம் என்பதுதான். குடும்பம் தாங்கும் என்றால் வேறு விஷயம். நம்மில் பலருக்குத் தாங்காது.

கவாத்து வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உயரமாகப் போய்க் கொழுந்து குறைந்துவிடும். ஆனால் வயதான செடியைத் தாழ வெட்டும்போது விவரம் தெரிந்தவர்கள் மொட்டையாக விட மாட்டார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள். வேருக்கு அந்த இலைதான் சோறு போடும். புதுத் துளிர் வந்து நின்ற பிறகுதான் அந்தக் கிளையையும் எடுப்பார்கள். அதைக்கூட விடாமல் வெட்டினால் சில செடிகள் துளிர்க்காமலே காய்ந்துவிடும்.

நானும் ஒரு முறை மொட்டையாக வெட்டினேன். ஃபேக்டரி வேலையை விட்டு, கடன் வாங்கி, மலைக்குக் கீழே ஒரு பயிற்சி மையத்தில் மொத்தப் பணத்தையும் கட்டினேன். இரண்டு மாதத்தில் அந்த மையத்தை மூடிவிட்டார்கள். பணம் திரும்பவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், வீட்டில் அம்மா கேட்கும் ஒவ்வொரு சாதாரணக் கேள்வியும் எனக்குக் குத்திக்காட்டுவது போல் பட்டதுதான். அந்த மனநிலையில் எதுவும் தலையில் ஏறாது. மறுபடி ஃபேக்டரிக்கே போய், அரை நாள் வேலை கேட்டு வாங்கினேன். சம்பளம் பாதிதான். ஆனால் படிப்பு அப்புறம்தான் நடந்தது.

கடனில் மாட்டிக்கொண்டேன். சம்பளம் வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது.

முதலில் வட்டியை வருடக் கணக்கில் எழுதிப் பாருங்கள். "அஞ்சு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். 30,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,500. ஒரு வருடத்தில் 18,000 கட்டியிருப்பீர்கள், அசல் 30,000 அப்படியே நிற்கும். இதை ஒரு பெண் நோட்டில் எழுதிவிட்டு, "நான் வேலைக்குப் போறதே வட்டிக்காரருக்காகத்தானா" என்று கேட்டாள். அடுத்த வாரம் காதுத் தோட்டை எடுத்துப்போய்க் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அந்த அசலை அடைத்தாள். அங்கே வட்டி அதைவிட எத்தனையோ மடங்கு குறைவு.

கடனை அடைத்த பிறகு, தபால் நிலையத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பு, போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருடம். தொகை பெரிதில்லை; சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதி நம் பேருக்கு முதலில் போகிறது, அதுதான் பழக வேண்டியது. வங்கிக் கணக்கு இருப்பவர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். சரிவில் வேலை செய்கிற, காட்டுமாட்டுக்குப் பயந்து நடக்கிற நமக்கு இது அவசியம்.

மொபைல் வாங்கக் கடன் வாங்காதீர்கள். இதற்கு விளக்கம் எதுவும் இல்லை.

ஊரை விட்டுப் போனால்தான் முன்னேற்றமா? திருப்பூர், கோயம்புத்தூர் போன நண்பர்கள் நன்றாக இருக்கிறார்களே.

போவதில் தவறே இல்லை. எங்கள் குடும்பமே கடல் தாண்டி இரண்டு முறை இடம் மாறிய குடும்பம். ஆனால் அவர்கள் அனுப்பும் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நேரே கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு, ரூம் வாடகை எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு, ஊருக்கு வந்து போக எவ்வளவு, மாசக் கடைசியில் கையில் எவ்வளவு? மாதம் 16,000 வாங்கி 2,000 மிச்சம் வைப்பவனும் உண்டு. 11,000 வாங்கி வீட்டிலிருந்தே 4,000 மிச்சம் வைப்பவனும் உண்டு. வேறு பக்கமும் பாருங்கள்: அங்கே தொழில் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் மிச்சம் குறைவாக இருந்தாலும் போகலாம். மூன்று வருடம் கழித்தும் அதே வேலைதான் என்றால் யோசியுங்கள்.

இங்கிலீஷ் வராது. அதனால் பின்தங்கிவிட்டேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. அதனால் வெட்கப்பட எதுவும் இல்லை. அதற்காக இங்கிலீஷை விட்டுவிடவும் வேண்டாம். ஊட்டி, குன்னூரில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் தாண்டாமலே டூரிஸ்ட்டுகளோடு நான்கு மொழி பேசுகிறார்கள். தப்பாகப் பேச வெட்கப்படாததால்தான் அவர்களுக்கு வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஆள் இல்லை என்றால் தேயிலைக்குச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

ஊக்கம் தரும் வீடியோக்கள் பார்க்கலாமா?

ஒன்று பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்கத் தோன்றும்போது எழுந்து வேலையைத் தொடங்குங்கள். பார்த்ததை நோட்டில் கோடாகப் போட முடியாது.

டிகிரி படிக்க ஆசை. வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள். நான் என்ன செய்வது?

தங்கச்சி, இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நீ குரலைத் தாழ்த்தினாய். தாழ்த்த வேண்டியதில்லை, நீ தப்பு எதுவும் கேட்கவில்லை.

18 வயது ஆகவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை, அந்தக் கல்யாணம் சட்டப்படி குற்றம். 1098-க்குக் கூப்பிட்டால் வந்து தடுப்பார்கள். 18 ஆகிவிட்டது என்றால், அப்பாவோடு சண்டை போடுவதற்கு முன்னால் அவருடைய பயம் எது என்று கண்டுபிடி. எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பயம்தான். ஒன்று செலவு. மற்றது, பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது.

செலவுக்கு எழுத்தில் பதில் வை. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்குக் கல்லூரி முடிக்கும் வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-இல் தொடங்கியது. தம்பிகளுக்கும் 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம், பஸ் செலவு, இந்த 1,000, மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டு. இரண்டாவது பயத்துக்குப் பேச்சு உதவாது. அதே பஸ்ஸில் போகும் ஒரு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போ. போன வருடம் ஒரு வீட்டில் அப்பா மனம் மாறியது அப்படித்தான். அந்த அக்கா உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "மாமா, எட்டு ஐம்பது பஸ், நான் ஏறுற ஸ்டாப்லதான் இவளும் ஏறுவா, சாயந்திரம் நானே கொண்டுவந்து விடுறேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

அடி, மிரட்டல் என்று போனால் 181 இருக்கிறது. தயங்காதே.

அப்பா குடிக்கிறார். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவரைத் திருத்துவது உன் வேலை இல்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். உன் படிப்பும் உன் அம்மாவின் காசும்தான் நீ காப்பாற்ற வேண்டியவை. அம்மா பேரில் தனிக் கணக்கு, அதன் அட்டை அம்மாவிடம். படிப்புக்கு வீட்டுக்கு வெளியே ஒரு இடம்: நூலகம், பள்ளி வகுப்பறை, பக்கத்து அத்தை வீடு, இந்த அறை. சாவி மாடியில் தொங்குகிறது, எந்த நாளும் திறந்துகொள்ளலாம் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு தம்பி ஆறு மாதம் இங்கேயேதான் படித்தான், இரண்டு நாள் தூங்கவும் செய்தான்.

மனசு ரொம்பப் பாரமாக, உயிரோடு இருக்கவே பிடிக்காமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடு. அது அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். கூப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. என்னையும் எழுப்பலாம்.

எனக்கு 36 வயது. இனிமேல் என்ன படித்து என்ன?

அக்கா, சில தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு, உண்மைதான். அதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். படிப்புக்கு வரம்பு இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லிருந்து இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிக்கலாம். இந்த மலை ரயிலைப் போட வேண்டும் என்று 1854-இல் பேச ஆரம்பித்தார்கள். குன்னூருக்கு வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல்.

உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் கூச்சம் பாதி போய்விடும். "ஏதாவது வழி சொல்லுங்க சார்" என்றால் எதிரே இருப்பவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. "வட்டிக் கணக்கில் இந்த ஒரு படி புரியல, பத்து நிமிஷம் சொல்லித்தாங்க" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பயன்பட்டதா இல்லையா என்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வாருங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

நோட்டில் முதல் நாள் என்ன எழுதுவது?

தேதி எழுதுங்கள். அன்றைக்குச் செய்வதாக நினைத்த ஒன்றை மட்டும் ஒரு வரி. ராத்திரி, அதற்கு நேராக ஒரு கோடு. காரணம் எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் அது சாக்காக மாறிவிடும்.

மாதிரி கேட்கிறார்கள் என்பதால் என்னுடையதையே தருகிறேன், நேற்றைய பக்கம்:

சனி. காலை: அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன், 340 ரூபாய். மாலை: இந்தக் கேள்வி பதிலை எழுதி முடிப்பதாக இருந்தேன். கடைசி மூன்று கேள்வி பாக்கி. அரைப்பேர்.